மூன்றாவது கல்

திருவொற்றியூர்க் கடலோரத்தில் கொட்டியிருக்கும் அலைத்தடுப்புக் கற்களில் மூன்றாவது கல்லின்மேல் நின்றால்தான் டவர் கிடைக்கிறது. சாயங்கால வெயில் முதுகில் விழ, மீன் விற்றுவிட்டு வந்த தேசம்மா காலி அன்னக்கூடையை இடுப்பைவிட்டு இறக்காமல் அங்கே நிற்கிறாள். பக்கத்து வீட்டு சாபிரா போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். உப்புத்தண்ணீர் படாமலிருக்க அதற்கு ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள்ளே மஸ்கட்டில் இருக்கும் தேசம்மாவின் மகள் கோகிலா. அவள் மடியில் பிறந்து மூன்று நாளான பேரன். பாட்டியும் மூன்று நாளாகப் பார்க்கிறாள், எப்போது பேசினாலும் தூக்கம். கரையிலிருந்து படகுக்குக் குரல் கொடுத்தே பழகியவள், மஸ்கட் அதைவிடத் தூரமாயிற்றே என்று அடிவயிற்றிலிருந்து கத்துகிறாள். "கண்ணத் தொறக்கச் சொல்லுடீ!" "கத்தாதம்மா, நல்லாவே கேக்குது. கொயந்த எய்ந்துடும்" என்கிறாள் மகள். சொல்லி முடிப்பதற்குள் அது எழுந்தேவிடுகிறது. கொட்டாவி விட்டு, இரண்டு கண்களையும் அகலத் திறந்து, நேரே இந்தப் பக்கம் பார்க்கிறது. பார்த்தபடியே படம் அசையாமல் நின்றுவிடுகிறது. "போச்சா! மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணி இன்னா புண்ணியம், பேஜாரு புடிச்ச டவரு. இரு, கட் பண்ணிட்டு திரும்பப் போடறேன்" என்று சாபிரா விரலைக் கொண்டுபோகிறாள். செதில் மின்னும் கை அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறது. பையின்மேல் அலை தெறித்த துளிகளை முந்தானையால் துடைத்துவிட்டு, தேசம்மா முதல்முறையாக மெதுவாகப் பேசுகிறாள். "ஐயே, வுடு சாபிரா. படம் ஓடுச்சுன்னா மறுபடி தூங்கிடுவான். இன்னிக்குத்தான் டவருகாரன் ஒயுங்கா வேல செஞ்சிகீறான்."