கோணல் உருண்டை

அந்தக் கடற்கரையில் ஒரு நண்டு இன்னொன்றைப் பார்த்தால் கொடுக்கைத் தூக்கி ஆட்டும். அங்கே அதுதான் வணக்கம். குட்டி நண்டு சிப்பிகா மட்டும் யாருக்கும் ஆட்டியதில்லை. அவள் பாட்டுக்கு மணலை உருட்டி, உருண்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருப்பாள்.

“பெரியம்மா வந்திருக்காங்க பாரு, கொடுக்கை ஆட்டுடி” என்று அம்மா நண்டு கெஞ்சினாள். சிப்பிகா விறுவிறுவென்று வளைக்குள் போய்விட்டாள்.

“இவளுக்கு யாருமே வேண்டாம் போலிருக்கு” என்றாள் பெரியம்மா.

சிப்பிகா மறுபடி வெளியே வந்து மணலை உருட்டத் தொடங்கினாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஓர் உருண்டை உருட்டி, வரிசையின் முனையில் வைத்தாள். அது கோணலாகப் போய்விட்டது.

சிப்பிகா ஓடவில்லை. கிட்டே வந்து, அம்மாவின் உருண்டையை நேராகத் தள்ளிவைத்தாள்.

அம்மா இன்னொன்றை வேண்டுமென்றே கோணலாக வைத்தாள். சிப்பிகா அதையும் நேராக்கினாள்.

பிறகு சிப்பிகாவே ஓர் உருண்டை உருட்டினாள். அதைக் கோணலாக வைத்துவிட்டு, குச்சிக் கண்கள் இரண்டையும் நிமிர்த்தி அம்மாவையே பார்த்தாள்.

பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“கொஞ்சம் பேசாம இருங்கக்கா” என்றாள் அம்மா, மகளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “என்னைக் கூப்பிடுறா.”