சமையலறை மூக்கு

வாடகை உதவிக்கு இப்போதெல்லாம் யாரும் மனுப் போடுவதில்லை. ஒவ்வொரு சமையலறைச் சுவரிலும் அரசாங்கம் ஒரு மூக்கை மாட்டியிருக்கிறது. அடுப்பில் கொதிப்பதை மோந்து பார்த்து, யார் ஏழை என்று அதுவே முடிவு செய்துவிடும்.

ஜெசிந்தா மாதம் முழுக்க ரசம்தான் வைத்தாள். கடைசி ஞாயிறன்று நாகப்பட்டினத்திலிருந்து தம்பி வந்தான், கையில் ஒரு முழு வஞ்சிரத்தோடு. அக்காவுக்கென்று ஆசையாய்க் கொண்டுவந்ததைப் பொரிக்காமல் இருக்க முடியுமா?

“வஞ்சிரம். வசதியான குடும்பம். உதவி ரத்து” என்றது மூக்கு.

“ஓசி மீனு அது!” என்று கத்திப் பார்த்தாள். மூக்குக்குக் காது கிடையாது.

வாடகைக்குத் தவணை கேட்கக் கீழ்வீட்டுக்கு இறங்கினாள். வீட்டு ஓனர் தனுஷ்கோடி கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை, கொழுப்பு, வயிற்றுப்புண் எல்லாவற்றுக்கும் சேர்த்து டாக்டர் விதித்த உப்பில்லாக் கஞ்சி.

அவர் வீட்டு மூக்கு அப்போதுதான் வாயைத் திறந்தது. “மிகவும் வறிய குடும்பம். வாடகை உதவி வழங்கப்படுகிறது.”

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். அவர் கிண்ணத்தைப் பார்த்தார்.

“ஐயா, உங்க கஞ்சிய இனிமே என் அடுப்புல காய்ச்சிக் கொண்டாந்து தரேன். எங்க கொழம்பு உங்க அடுப்புல கொதிக்கட்டும். என்ன சொல்றீங்க?”

தனுஷ்கோடி நிமிர்ந்தார். அந்த வீட்டில் மசாலா வாசனை அடித்து வருஷக்கணக்காகிறது.

“நாளைக்கே வாம்மா. கருவாடு இருந்தா அதையும் எடுத்துட்டு வா. ஜன்னலை மட்டும் நல்லாச் சாத்திடு. துளி வாசம் வெளிய போவக் கூடாது.”