சங்குநாலாவில் ஆள் உண்டு

“முதல்ல ஆட்டை இறக்குலே ராபின், அதுக்குக் கடல் ஒத்துக்கல. ஆபீசரோட டிங்கிப் படகு இன்னும் அரைமணியில வந்துரும்!”

கரையில் நின்று கிளாரா கத்தினாள். சௌல்தாரி கிராமத்திலிருந்து இரவல் வாங்கி வந்த நாலு ஆடுகளும் படகிலிருந்து தள்ளாடி இறங்கின. ஊர் உயிரோடு இருப்பதைக் காட்டத்தான் நம்மைக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்ற பொறுப்பு கொஞ்சமும் இல்லாமல், மணலில் செத்த மாதிரி படுத்துக்கொண்டன.

தீவின் ஓரத்து ஊரான சங்குநாலாவில் சுனாமிக்குப் பிறகு யாரும் குடியிருந்ததில்லை. பிழைத்த இருபத்திரண்டு குடும்பமும் நகரத்துப் பக்கம் கராச்சர்மாவிலும் ஷாதிபூரிலும் வாடகை அறைகளில் ஒண்டிக்கொண்டன. இங்கே மிச்சம் ஒரு கிணறு, கூரை போன அந்தோணியார் கோவில், அதன் பின்னால் கல்லறைத் தோட்டம். அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு காகிதம் வந்தது. சங்குநாலாவில் ஆள் வசிக்கிறார்களா என்று நேரில் பார்க்க அதிகாரி வருகிறார், முன்னாள் ஊர்த்தலைவர் உடனிருக்க வேண்டும் என்று இரண்டே வரி. எதற்கு என்று போடவில்லை.

முன்னாள் ஊர்த்தலைவர் லூர்துநாதனுக்குக் காரணம் தேவைப்படவும் இல்லை. “சர்க்கார் நம்மளத் தேடி வருதுன்னா எதையோ எடுக்கத்தான் வருது,” என்றார் கூட்டத்தில். “ஆள் இல்லன்னு எழுதினா ஊர்ப் பேரை வெட்டிருவானுவ. பேர் போச்சுன்னா இது காடு. பிறவு நம்ம கல்லறையில ஒரு மெழுகுவர்த்தி ஏத்தணும்னாலும் பர்மிட் கேட்டு நிக்கணும்.”

கூட்டம் முழுவதும் தலையாட்டியது. அவருடைய மகள் சுபிதா ஆறு வயதில் அங்கேதான் படுத்தாள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மூன்றே நாளில் ஊர் எழுந்து நின்றது. இரண்டு குடும்பத்துக்கு ஒன்றாகத் தார்ப்பாய்க் குடிசை பதினொன்று, கொடி நிறையத் துணி, எல்லா அடுப்பிலும் புகை. இருபது வருடம் முன்பு வாழ்ந்தபோதுகூட ஊர் இத்தனை சுறுசுறுப்பாக இருந்ததில்லை.

அதிகாரி சுதாகர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். மெயின்லேண்டிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆன இளவயதுக்காரர். குடிசைகளைப் பார்த்ததும் அவர் முகம் வாடிப்போனது.

“இங்க யாரும் இல்லைன்னுல்ல நினைச்சேன்?”

“அதெப்படி சார்! ஜன நெருக்கடியில மூச்சு முட்டுது,” என்றாள் கிளாரா.

“கரண்ட் இல்லையே?”

“நிலா இருக்கு சார்.”

“கிணத்துத் தண்ணி உப்பாயிருக்குமே?”

லூர்துநாதன் ஒரு செம்பு மொண்டு மடக்கு மடக்கென்று குடித்தார். காலிச் செம்பைக் கவிழ்த்துக் காட்டினார். “சர்க்கரை, சார்!”

“முதலை வரும்னு ஓடைக்கரையில போர்டு வச்சிருக்காங்களே?”

“அது நம்ம ஊரு முதலை சார். வெளியாளைத்தான் கடிக்கும்,” என்றான் ராபின்.

சுதாகர் தன்னையறியாமல் இரண்டடி மேலேறி நின்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, “ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. யாரும் இங்க தங்கறதில்லைன்னா தயங்காமச் சொல்லலாம். அப்படியே எழுதிடறேன்,” என்றார்.

லூர்துநாதனுக்கு ரத்தம் கொதித்தது. ஊரை அழிக்க இவனுக்குத்தான் எத்தனை அவசரம்!

ராபின் காதருகே குனிந்தான். “மாமா, இது பக்கா செட்டிங். எவனோ ரிசார்ட்காரன் அனுப்பின ஆளு. விட்டுராதீங்க.”

சுதாகர் விடுவதாக இல்லை. லூர்துநாதனின் கையைப் பிடித்துக் கோவிலுக்குப் பின்னால் தனியே கூட்டிப் போனார். “இங்க நாம பேசறது யாருக்கும் கேக்காது. இது காலி ஊருதான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

நாலெட்டில் சுபிதாவின் சிலுவை, மழையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. லூர்துநாதன் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“டீக் ஹே, சரி சார், எழுதுங்க. இருபத்திரண்டு குடும்பம். ஒருத்தரும் இந்த மண்ண விட்டு அசையல. இனிமேயும் அசைய மாட்டோம்!”

ஜனம் கை தட்டியது. ராபின் விசிலே அடித்துவிட்டான். ஆடுகளில் ஒன்றுகூட எழுந்து நின்று கத்தியது.

சுதாகர் பெருமூச்சு விட்டு எழுதினார். இருபத்திரண்டு குடும்பமும் வரிசையில் நின்று கையெழுத்தும் கைநாட்டும் வைத்தன. ஓட்டுப் போடக்கூட இந்த ஜனம் இப்படி முண்டியடித்ததில்லை. முத்திரை குத்தியாயிற்று. கிளாரா வெற்றிக் களிப்பில் அவருக்கு ஒரு இளநீரும் வெட்டிக் கொடுத்தாள்.

அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்தபடியே நின்றார்.

“விஷயத்தை முன்கூட்டிச் சொல்லிடக் கூடாதுன்னு ஆர்டர் ஐயா, அதான் அத்தனை தடவை கேட்டேன். ஊரே இல்லாமப் போனவங்களுக்குன்னு கராச்சர்மாவுல வீடு கட்டி முடிச்சாச்சு. இங்க யாரும் இல்லைன்னு எழுதிட்டுக் கையோட கொடுத்துடலாம்னு, இருபத்திரண்டு சாவியையும் பையிலயே கொண்டு வந்திருந்தேன்.”