எந்தக் கை

போலோத் காலணியைக் கழற்றுவதற்குள் ரௌஷன் வாசலுக்கே வந்துவிட்டாள். உள்ளே கணவர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

அவன் புரியாமல் பார்த்தான். அவள் மறுபடி சொன்னாள்.

சரி அண்ணி, என்றான்.

தன் ஊரான தலாஸிலிருந்து எல்லை தாண்டி, பேருந்து மாறி வந்திருந்தான். ஐந்து வருடமாக வர நினைத்து வராமலிருந்தவன். எல்லைக்கு இந்தப் பக்கம் தராஸில் இறங்கி வழி கேட்டபோது ரொட்டிக் கடைக்காரர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். வழியைக் காட்டிவிட்டு, அந்த வீட்டில் பார்த்துப் பேசு என்று மட்டும் சொன்னார்.

உள்ளே கரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எசெங்கெல்தி குட்டை மேசை முன் சப்பணமிட்டு உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குத்துச்சண்டையில் அந்த ஊருக்கு முதன்முதலாக உலகப் பட்டத்தைக் கொண்டுவந்தவர். பட்டத்தின் பெல்ட் அவர் தலைக்கு மேல், சுவர்க் கம்பளத்தில் அடித்த ஆணியில் தொங்கியது.

போலோத்தைக் கண்டதும் எழுந்தார். ஒரு காலை இழுத்து நடந்து வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு நேற்றுதான் சண்டை. ஒவ்வொரு நாளும் நேற்றுதான் சண்டை.

மண்டைக்குள் ரத்தம் கசிந்து, அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததிலிருந்து அப்படித்தான். சண்டைக்கு முன்பு எடை பார்த்த நாள்வரை எல்லாம் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் அதிக நேரம் தங்குவதில்லை. காலையில் எழுந்ததும் சண்டை என்னாயிற்று என்று மனைவியைக் கேட்பார். தோற்றுவிட்டீர்கள் என்று ரௌஷன் சொல்வாள்.

அதுவரை தோற்றே அறியாதவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பிறகு தேநீர் கேட்பார்.

இன்றும் கேட்டுக் குடித்திருந்தார்.

எடை பார்த்தபோது இன்னும் ஒல்லியாக இருந்தாயே என்றார் போலோத்திடம். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன் என்றான் அவன். எசெங்கெல்தி சிரித்தார். சிரித்துவிட்டு அவன் முகத்தைக் கவனித்தார்.

"என்னடா தம்பி, ஜெயிச்சவன் மூஞ்சி இப்படியா இருக்கும்?"

ரௌஷன் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவதை நிறுத்தினாள். தலை நிமிரவில்லை.

ஆமாம் அண்ணே, நான்தான் ஜெயித்தேன் என்றான் போலோத். அவன் குரல் அவனுக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

"எந்தக் கை?"

"இடது."

எசெங்கெல்தி தலையாட்டினார். முகத்தைக் காக்க வேண்டிய என் வலது கை கீழே இறங்குகிறது என்று பயிற்சியாளர் திட்டிக்கொண்டேதான் இருந்தார் என்றார். விரல்களால் தன் நெற்றிப்பொட்டைத் தடவிப் பார்த்தார். வேறொருவர் தலையைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது அது.

பிறகு அவனை விருந்தாளியின் இடத்தில் உட்காரவைத்தார். விருந்தாளிக்கு மரியாதையாக வைக்கும் அவித்த ஆட்டுத் தலையை அவன் பக்கம் நகர்த்தினார். காதை அறுத்து அவன் கையில் கொடுத்தார். போலோத் மென்றான். உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

சாப்பாடு முடிந்ததும் எசெங்கெல்தி பெல்ட்டை ஆணியிலிருந்து எடுத்தார். உனக்குரியது இன்னும் என் வீட்டில் தொங்கினால் ஊர் என்ன சொல்லும் என்றார். அதை அவன் இடுப்பில் சுற்றிப் பார்த்தார். எட்டவில்லை. தோளில் போட்டார்.

அவன் மணிக்கட்டைப் பிடித்து, நடுவர் தூக்குவதுபோல, கூரையை நோக்கித் தூக்கினார்.

ரௌஷன் கைதட்டினாள்.

புறப்பட்டபோது வாசல் கேட் அருகே போலோத் பெல்ட்டை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"கொண்டு போயிடு தம்பி. அது சுவத்துல இருந்தா, தோத்துட்டீங்கன்னு நான் சொல்றத அவரு சந்தேகப்படறாரு. ஜெயிச்சீங்கன்னு உண்மையச் சொன்னப்பல்லாம் விடியறதுக்குள்ள கையில துணியச் சுத்திக்கிட்டு அடுத்த சண்டைக்குப் பயிற்சின்னு ஓடக் கிளம்பினாரு. போன குளிர்ல வாய்க்கா ஓரமா விழுந்து கெடந்து, பனியில வெறச்சு கால் விரலு போச்சு."

ஒருநாள் ஆற்றாமையில் வாய் தவறித்தான் தோற்றுவிட்டீர்கள் என்று சொன்னாளாம். அவர் கையில் சுற்றிய துணியை அவிழ்த்தார். அப்படியானால் இனி ஓட வேண்டாம் இல்லையா என்று கேட்டார். அன்று மாலைவரை தூங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து தெருவே அதைச் சொல்கிறது.

போலோத் பெல்ட்டைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

சண்டையன்று நடுவர் உயர்த்தியது எசெங்கெல்தியின் கையைத்தான். பக்கத்தில் போலோத் தலை குனிந்து நின்றான். அவன் இடது கையால் விட்ட குத்தை வாங்கிக்கொண்டு, கடைசிச் சுற்றுவரை நின்று ஜெயித்தவர், உடை மாற்றும் அறைக்குப் போய்த்தான் விழுந்தார்.

வீட்டுக்குள்ளிருந்து எசெங்கெல்தியின் குரல் கேட்டது. யார் வந்துவிட்டுப் போவது என்று கேட்டார்.

ரௌஷன் திரும்பி நின்று பதில் சொன்னாள்.

"உங்கள ஜெயிச்சவரு."

அப்படியா, தேநீர் கொடுத்தாயா என்றார் அவர்.