நிற்காத சக்கரம்

மேலப்பாளையம் பட்டறையின் தகரக் கூரைக்கடியில் பெட்ரோல் வாடையும் மதிய வெக்கையும் கலந்து கிடக்கின்றன. நடு ஸ்டாண்டில், பின்சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கிறது ஆவுடையப்பனின் பழைய பைக். ஒரு காலத்தில் பாபநாசத்துப் பாறைகளில் பந்தயம் ஏறிய வண்டி. கிளட்சைப் பிடித்தாலும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்று இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மெக்கானிக் மைதீன்பிச்சை கிளட்ச் பிளேட்டுகளைக் கழுவி, கண்ணாடிமேல் வைத்து மட்டமாகத் தேய்த்து, திரும்பப் பூட்டிவிட்டான். எஞ்சினை உதைத்து, முதல் கியரைப் போட்டு, தானே கிளட்சைப் பிடிக்கிறான். பின்சக்கரம் பேச்சுக் கேட்ட பிள்ளையாக நிற்கிறது.

"இப்பம் நீங்க பிடிங்க அண்ணாச்சி." ஆவுடையப்பனின் இடதுகை விரல்கள் கிளட்ச் லிவரைச் சுற்றி வளைகின்றன. போன ஆடியில் பக்கவாதம் வந்து, பாதி மட்டுமே மீண்ட கை. கழுத்து நரம்பு புடைக்கிறது, லிவர் பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. பின்சக்கரம் சுற்றுகிறது, அதன் கம்பிகளில் வெயில் சில்லுசில்லாகத் தெறிக்கிறது. "பாத்தியா, இப்பமும் இழுக்கு. பிளேட்டுதாம்லே ஒட்டுது" என்கிறார், சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். மைதீன்பிச்சை அந்த விரல்களைப் பார்க்கிறான். எஞ்சினை அணைக்கிறான். "ஆமா அண்ணாச்சி, பிளேட்டுதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு குறையும் இல்லாத கிளட்சை மறுபடியும் கழற்றக் குனிகிறான்.