வைஃபை மாப்பிள்ளை

"திருடனுக்குக் கதவைத் திறந்து விட்டதே இவர்தாம்மா!"

கேமரா ரிப்பேர் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மாமனார் மாப்பிள்ளையைக் கை நீட்டிக் காட்டினார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

கல்யாணமாகி ஒன்பதே நாள். அதற்குள் பெண் வீட்டில் அவருக்குப் பட்டப்பெயர் விழுந்தாகிவிட்டது. வைஃபை மாப்பிள்ளை!

ரிப்பேர்காரம்மா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "என்ன ஆச்சுங்க ஐயா?"

"முப்பத்தஞ்சு வருஷம் ஸ்டுடியோ வெச்சிருந்தவன் நான். ஊரார் கல்யாணமெல்லாம் எடுத்துட்டு, சொந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு வேற ஆளைக் கூப்பிடுவேனா? ரிஜிஸ்தர் ஆபீஸ்ல சின்னக் கல்யாணம். நானே எடுத்தேன். வேற எவனும் போனை வெளியில எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு வேற போட்டேன்."

"சரி."

"சாயங்காலம் இவரு, 'குடுங்க மாமா, நான் காப்பி எடுத்துத் தர்றேன்'னு கேமராவை வாங்கிட்டுப் போனாரு. போனவர் ஒழுங்கா வீட்டுல வெச்சு எடுத்தாரா? ஏதோ ஒரு கடையில உட்கார்ந்து, அங்க கிடைச்ச ஓசி வைஃபையில கேமராவைச் சேர்த்திருக்காரு. எவனோ உள்ள பூந்து அத்தனை படத்தையும் பூட்டிட்டான்!"

ரிப்பேர்காரம்மா கேமராவை ஆன் செய்தார். கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்து.

"படிங்க மாப்பிள்ளை, உங்க சாதனையை!"

மாப்பிள்ளை மெல்லிய குரலில் படித்தார். "உங்கள் படங்கள் பூட்டப்பட்டுவிட்டன. பத்து நாளில் பணம் தராவிட்டால் எல்லாம் அழிக்கப்படும்."

"நாளையோட கெடு முடியுதும்மா. என்ன கேட்டாலும் குடுத்துடறேன், எனக்குப் படம் வேணும். என் பொண்ணு இவர்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறா. என் சம்சாரம் இவருக்குச் சாப்பாடு வைக்கிறப்ப தட்டு 'டங்'குனு சத்தம் போடுது."

ரிப்பேர்காரம்மா திரையை உற்றுப் பார்த்தார். "பணம் கேட்டிருக்கான், அதை எங்க அனுப்பணும்னு சொல்லவே இல்லையே? இவ்வளவு மறதிக்காரத் திருடனை நான் பார்த்ததில்லை."

மாப்பிள்ளைக்குத் திடீரென்று இருமல் வந்தது.

ரிப்பேர்காரம்மா கேமராவின் மெமரி கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டார். திரை அவர் பக்கம் மட்டும் பார்த்தபடி இருந்தது. கால் மணி நேரம் ஆனது. மாமனார் சும்மா இருப்பாரா? அந்த இடைவெளியில் மாப்பிள்ளைக்கு இன்னொரு டோஸ் விட்டார்.

ரிப்பேர்காரம்மாவின் விரல் சட்டென்று நின்றது. திரையைப் பார்த்தார். கேமராவின் லென்ஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கடைசியாக மாப்பிள்ளையைப் பார்த்தார். கும்பிடாத குறையாக அவர் நின்றுகொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. ஒரு படம்கூடத் தேறாது."

"பணம் கட்டினா?"

"எவ்வளவு கட்டினாலும் தேறாது."

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் எடுத்ததுலயே நல்ல படம் அதுதாம்மா. கையெழுத்துப் போட்டுட்டு என் பொண்ணு என்னை நிமிர்ந்து பார்த்தா பாருங்க, ஒரு பார்வை! விடாம பிடிச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பாவம், பார்க்கவே சங்கடமாக இருந்தது.

ரிப்பேர்காரம்மா சட்டென்று மாப்பிள்ளை மேல் பாய்ந்தார்.

"ஏங்க, படிச்சவர்தானே நீங்க? கண்ட இடத்து வைஃபையில கேமராவைச் சேர்க்கலாமா? வேலை முடிஞ்சதும் அணைக்க வேணாமா? கேமராவோட வந்த பாஸ்வேர்டை மாத்தினீங்களா? கம்பெனிக்காரன் புதுசா விடற சாஃப்ட்வேரை ஏத்தினீங்களா?"

"இல்லைங்க. தப்புதாங்க."

"நல்லாக் கேளுங்கம்மா!" மாமனாருக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. எழுந்தார். "சீக்கிரம் வந்து சேருங்க மாப்பிள்ளை. வழியில எந்த வைஃபையும் பிடிக்காம வாங்க!"

அவர் வெளியே போனதும் கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. ரிப்பேர்காரம்மா திரையை மாப்பிள்ளை பக்கம் திருப்பினார்.

"படத்தை அழிச்சுட்டு, அந்தச் சிவப்பு எழுத்தையும் நீங்களே போட்டு வெச்சா போயிடுமா தம்பி? எல்லாம் திரும்பி வந்துடுச்சு. முந்நூத்திப் பன்னிரண்டு."

எல்லாப் படமும் ஒரே கலங்கல். பெண் எது, மேஜை எது, பின்னால் நிற்கிற பீரோ எது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"லென்ஸ்ல ஆட்டோ ஃபோகஸை அணைச்சு வெச்சிருக்காரே?"

"மிஷின் சொல்லியா நான் படம் எடுக்கணும்னு கேப்பாருங்க. எப்பவும் தன் கண்ணால பார்த்துத்தான் ஃபோகஸ் வைப்பாரு. அந்தக் கண்ணுல புரை விழுந்திருக்கு போல. அவருக்கே தெரியலை, கண்ணாடி அழுக்குன்னு துடைச்சுத் துடைச்சுப் போடறாரு. புதன்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வெச்சிருக்கேன்."

"உங்க வீட்டுக்காரங்ககிட்டயாவது உண்மையைச் சொல்லலாமில்ல?"

"அவளுக்கு மூஞ்சியில எதையும் மறைக்கத் தெரியாதுங்க. அரை நாள்ல மாமா கண்டுபிடிச்சுடுவாரு."

"அதுக்காக இத்தனை திட்டு வாங்கணுமா?"

கேமராவை எடுத்து உறைக்குள் வைத்தபடி மாப்பிள்ளை சிரித்தார்.

"நான் வாங்கின திட்டு எனக்கு நாலு நாள்ல மறந்துடும்ங்க. சொந்தப் பொண்ணு கல்யாணத்தை நானே கெடுத்துட்டேன்னு தெரிஞ்சா, அவருக்கு அது மறக்குமா?"