நுரைக்காத கல்

நிலவியல் ஆய்வகத்துக்குள் தயங்கி வந்த செல்லாயி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளைக் கல்லை மேசைமேல் வைத்தாள். பதினோரு வருடமாக அவள் கணவன் ஆலையில் அரைத்துப் பொடியாக்கியது அந்தக் கல்லைத்தான். இப்போது அவனுக்கு நாலு எட்டு வைத்தாலே மூச்சு முட்டுகிறது.

“சுண்ணாம்புக் கல்லுன்னுதான் முதலாளி சொல்றாரு சார். வெங்கச்சங்கல்லா, அதான் குவார்ட்ஸா இருந்தா நுரையீரல் தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

பேராசிரியர் ஞானசிகாமணி கல்லின்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டார். “சுண்ணாம்பா இருந்தா உடனே நுரைக்கும்மா.”

சொட்டு அப்படியே நின்றது. அவர் கல்லை எடுத்து ஒரு கண்ணாடித் துண்டில் கீறினார். ஆழமாகக் கோடு விழுந்தது; சுண்ணாம்புக் கல் கண்ணாடியைக் கீறாது. கல்லைக் கீழே வைத்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“இன்னொரு சொட்டு விடுங்க சார்.”

பலன் இல்லை என்று தெரிந்தும் விட்டார். அவள் மறுபடி கேட்டாள். மறுபடியும் விட்டார்.

செல்லாயி குனிந்து கல்லருகே காதைக் கொண்டுபோனாள்.

“லேசா பொரியிற சத்தம் வருது. நீங்களும் கேட்டுப் பாருங்க சார்.”

ஞானசிகாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவளுக்கு எதிரே குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்.

“வருதுல்ல?” என்றாள் செல்லாயி.